வாத நோய்களைக் கண்டறிதல் – லண்டன்

மூட்டையும் எலும்பையும் தாக்கும் பல நோய்கள் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கீல்வாதம், வாதம் என்ற இரண்டே பெயர்களுக்குள் அடங்கிக் கிடந்தன. அவற்றைத் தனித்தனியே பிரித்தறிந்ததில் லண்டன் மருத்துவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆல்ஃபிரட் பேரிங் காரட், கீல்வாத நோயாளிகளின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை 1848-இல் காட்டினார். அதைக் கண்ணால் காண அவர் வகுத்த நூல் சோதனை மிக எளியது. இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைத் தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, சில துளி அசெட்டிக் அமிலம் விட்டு, லினன் நூல் இழைகளைப் போட்டு வைப்பார். ஓரிரு நாளில், நூலில் கற்கண்டு படிவதுபோல் யூரிக் அமிலப் படிகங்கள் இழையில் படிந்துவிடும். 1859-இல் வெளியிட்ட புத்தகத்தில், முடக்குவாதம் கீல்வாதத்திலிருந்து வேறுபட்டது என்று பிரித்து, இன்றுவரை வழங்கும் ‘ரூமடாய்ட் ஆர்த்ரைட்டிஸ்’ என்ற பெயரை அவரே தந்தார். யூரிக் அமிலம் கூடியிருப்பதாலேயே கீல்வாதம் என்றாகிவிடாது. வலி உச்சத்தில் இருக்கும்போது அதன் அளவு சரியாகவே இருக்கவும் கூடும். மூட்டு நீரில் ஊசிபோன்ற படிகங்களை நுண்ணோக்கியில் காண்பதே உறுதியான சான்று.

முடக்குவாதத்தில் நடப்பதுபோல், உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் உறுப்பையே தாக்கும் என்பதற்கு வலுவான சான்று 1956-இல் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் கிடைத்தது. ஹாஷிமோட்டோ தைராய்டு நோயாளிகளின் இரத்தத்தில் தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருளை ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் குழுவினர் கண்டனர். இரத்தம் உறைதலும் தொடர் கருச்சிதைவும் சேர்ந்துவரும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோயை 1983-இல் கிரஹாம் ஹியூஸ் விவரித்தார். இதே வகை நோயான லூபஸுக்கான ஏ.என்.ஏ. இரத்தச் சோதனை நலமாக உள்ளவர்களிடமும் ‘பாசிட்டிவ்’ ஆகலாம். அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்காமல் அந்தச் சீட்டை மட்டும் நம்பிப் பயப்படக் கூடாது.

முடக்குவாதத்தில் கைவிரல் கணுக்கள் வீங்கும்; காலையில் விறைப்பு நெடுநேரம் நீடிக்கும்; கணு வரிசையைப் பக்கவாட்டில் அழுத்தினால் வலிக்கும். இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும், இத்தகைய வீக்கம் நீடித்தால் சிறப்பு மருத்துவரிடம் விரைந்து அனுப்ப வேண்டும் என்கிறது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ். இழந்த மூட்டு திரும்பாது என்பதால் இந்த அவசரம் நியாயமானதே. லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்தை 1992-இல் சாரிங் கிராஸ் மருத்துவமனையில் முதன்முதலாக முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 2003-இல் இருவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது. இம்மருந்து உள்ளுறங்கும் காசநோயைக் கிளப்பிவிடலாம். எனவே, தொடங்குமுன் அதற்கான சோதனை அவசியம்.

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் வாழும் தமிழர்கள் தவறவிடக் கூடாத நோய் ஆஸ்டியோமலேசியா. வைட்டமின் டி குறைவால் எலும்பு மென்மையாகிவிடுகிறது. லண்டனில் அக்டோபர் முதல் மார்ச் வரை வெயில் தோலில் இந்த வைட்டமினை உருவாக்கப் போதாது. கருத்த தோலுக்கு மற்ற மாதங்களிலும் கூடுதல் வெயில் தேவை. இடுப்பும் தொடையும் வலிக்கும். படியேறவும் தரையிலிருந்து எழவும் சிரமமாக இருக்கும். வயதாகிவிட்டது, வாதம் என்று தைலம் தேய்த்தே ஆண்டுகளைக் கழிப்பவர்கள் உண்டு. இந்நோயில் இரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி பெரும்பாலும் கூடியிருக்கும். 1877-இல் ஜேம்ஸ் பாஜெட் விவரித்த எலும்பு நோயிலும் அது கூடும். ஆனால் அந்நோய் தெற்காசியரிடம் அரிது. ஆகவே முதலில் வைட்டமின் டி அளவைப் பார்க்க வேண்டும். கருத்த தோல் உடையவர்கள் ஆண்டு முழுவதும் தினமும் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளுமாறு பிரிட்டன் அரசு பரிந்துரைக்கிறது. ஆஸ்டியோமலேசியா வந்தபின் அதைவிடப் பல மடங்கு மருந்து தேவைப்படும்.