பூசாரியின் வீட்டடியில் வாசுதேவன் திருக்கோயில்: பேஸ்நகர் அகழாய்வும் பாகவத தர்மத்தின் பழமையும்

பழைய திருத்தலங்களைச் சூழ்ந்த வீதிகளில் குடியிருப்போர் கொல்லையில் தென்னங்கன்றுக்குக் குழி தோண்டும்போதோ கிணறு எடுக்கும்போதோ, மண்ணுக்குள்ளிருந்து செங்கல் வரிசையொன்று தலைகாட்டுவது அரிதன்று. சிலர் அதைப் புதையல் அறை என்பர். சிலர் சுரங்கம் என்பர். பெரும்பாலோர் இடையூறென்று பெயர்த்தெறிந்து கன்றை நட்டுவிடுவர். பெயர்த்தெறியப்பட்ட அந்தச் செங்கல் வரிசை ஒரு சம்ப்ரதாயத்தின் பழமைக்கே சாட்சியாக இருந்திருக்கக் கூடும் என்பதை உணர்த்த ஓர் உதாரணம் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் விதிசா நகரை அடுத்த பேஸ்நகரில், ஒரு பூசாரியின் வீடு நின்ற மேட்டின் அடியில், வாசுதேவனுக்கு எடுத்த மிகப் பழைய திருக்கோயிலின் அடித்தளம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மறைந்திருந்தது. அது வெளிப்பட்ட வரலாற்றையும், நம் பூர்வாசார்யர்கள் நிலைநாட்டிய ஓர் அர்த்தத்திற்கு அது எவ்வளவு துணை செய்கிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

செந்தூரத்துள் மறைந்த எழுத்து

பேத்வா, பேஸ் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்தது பண்டைய விதிசா. காளிதாசனின் மேகதூதம் பேசும் வேத்ரவதியே இன்றைய பேத்வா. ஆற்றுக்கு அப்பால் ஒற்றைக் கல்தூண் ஒன்று நிற்கிறது. அடியில் எண்பட்டையாகவும், அதன்மேல் பதினாறு பட்டையாகவும், பின்னர் முப்பத்திரண்டு பட்டையாகவும், உச்சியில் உருண்டையாகவும் செதுக்கப்பட்ட தூண் அது. அவ்வூர் மீனவர் முதலானோர் அதைக் 'காம் பாபா' என்று வழிபட்டனர். 'கம்பத்து ஐயா' என்று தமிழில் சொல்லலாம். தலைமுறை தலைமுறையாக அவர்கள் செந்தூரத்தைக் குழைத்துத் தூணின்மேல் பூசிவந்தார்கள். அருகிலிருந்த மேட்டில் பூசாரி குடும்பத்தின் வீடு இருந்தது.

1877இல் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் அங்கு வந்தார். தூணின் வடிவழகு அவரைக் கவர்ந்தது. ஆயினும் கனத்த செந்தூரப் பூச்சினுள் எழுத்து ஏதும் அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. வடிவத்தைக் கொண்டு குப்தர் காலத்ததாகலாம் என்று கருதிச் சென்றார். உண்மையான காலத்தினின்று பல நூற்றாண்டுகள் விலகிய கணிப்பு அது. 1909இல் குவாலியர் சமஸ்தானத்துப் பொறியாளர் லேக் என்பாரும், தொல்லியல் துறைத் தலைவர் ஜான் மார்ஷலும் அங்குச் சென்றபோது, செந்தூரம் அகற்றப்பட்ட இடத்தில் பிராமி எழுத்துகள் தெரிந்தன.

கல்வெட்டு பிராகிருத மொழியிலானது. அதன் பொருளைச் சுருங்கக் கூறின்: தேவதேவனான வாசுதேவனுக்கு இக்கருடத்வஜம் எடுக்கப்பட்டது, எடுத்தவன் தக்ஷசீலத்தைச் சேர்ந்த தியோனின் மகனும் பாகவதனுமான ஹெலியோடோரஸ், அவன் மஹாராஜன் அந்தியால்கிதனிடமிருந்து, காசீபுத்திரன் பாகபத்ரன் என்னும் அரசனிடம், அவ்வரசனது பதினான்காம் ஆட்சியாண்டில் தூதனாக வந்த யவனன். காலம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது என்பது ஆய்வாளர் முடிவு. அதே தூணிலுள்ள மற்றொரு சிறு கல்வெட்டு, அடக்கம், தியாகம், விழிப்பு ஆகிய மூன்று அடிகளும் நன்கு அனுட்டிக்கப்பட்டால் உயர்கதிக்குக் கொண்டுசெல்லும் என்கிறது. இம்மூன்றும் இதே வரிசையில் மஹாபாரதத்து ஸ்த்ரீபர்வத்தில் இடம்பெறுவதை அறிஞர்கள் சுட்டியுள்ளனர்.

கொடித்தூண் உண்டு, கோயில் எங்கே?

கருடத்வஜம் தனித்து நிற்பதன்று. எம்பெருமான் ஸந்நிதிக்கு முன்னே நிற்பது. ஆகவே எழுத்தைப் படித்தவுடன் எழவேண்டிய அடுத்த வினா, கோயில் எங்கே என்பது. 1913 முதல் 1915 வரை டி.ஆர். பண்டார்கர் அவ்விடத்தில் அகழாய்வு நடத்தினார். தூணின் அடிவரை தோண்டி, அது எவ்வாறு நிறுத்தப்பட்டது என்பதைக் கண்டார். அடியில் இரும்பு ஆப்புகள் செருகப்பட்டிருந்தன. சுற்றிலும் கட்டடச் சின்னங்களும் கிடைத்தன. ஆனால் பூசாரியின் இல்லம் நின்ற மேடு முழுமையாக அகழப்படாமலே எஞ்சியது.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1963 முதல் 1965 வரை எம்.டி. கரே தலைமையில் அகழாய்வு மீண்டும் நடந்தது. இம்முறை மேடும் தோண்டப்பட்டது. அதனடியில் சுட்ட செங்கல்லால் நீள்வட்டமாக அமைந்த அடித்தளம் வெளிப்பட்டது. கருவறையும் அதைச் சூழ்ந்த சுற்றும் கொண்ட அமைப்பு அது. மேற்கட்டுமானம் மரத்தால் ஆனது. கி.மு. நான்கு, மூன்றாம் நூற்றாண்டுகளை ஒட்டிய இக்கட்டடம் ஆற்றுவெள்ளத்தால் அழிந்தது. பின்னர் மண் கொட்டித் தரையை உயர்த்தி மீண்டும் கோயில் எடுத்தனர். அதையும் வெள்ளம் கொண்டுபோயிற்று. மூன்றாம் முறை உயர்த்திய தளத்தின் காலத்திலேதான் கல்தூண்கள் நிறுத்தப்பட்டன. எட்டுத் தூண்களுக்குரிய இடங்கள் அடையாளம் காணப்பட்டன. அவற்றுள் இன்று நிற்பது ஹெலியோடோரஸ் எடுத்த ஒன்றே.

இதனால் தெளிவாவது யாது? யவனத் தூதன் புதிதாக ஒரு வழிபாட்டைத் தொடங்கிவைத்தவன் அல்லன். அவன் வருவதற்கு முன்பே இருமுறை அழிந்தும் இருமுறை எடுக்கப்பட்ட ஒரு ஸந்நிதிக்குத் தன் கைங்கர்யமாகக் கொடித்தூண் ஸமர்ப்பித்தவன். தூண் மட்டும் கிடைத்திருந்த காலத்தில் இதைச் சொல்ல வழியில்லை. வீட்டடியில் இருந்த செங்கல் வரிசையே இதைச் சொல்லிற்று. நூல் வழக்கும் இதற்கு இயைகிறது: பாணினி வாசுதேவனிடம் பக்தியுடையாரைக் குறிக்கத் தனிச் சூத்திரம் செய்கிறார், பதஞ்சலி தம் மஹாபாஷ்யத்தில் இராமன், கேசவன் இவர்களுடைய ப்ராஸாதத்தைக் குறிப்பிடுகிறார். விதிசாவிலேயே கிடைத்த வேறொரு தூண்துண்டின் கல்வெட்டும், பகவானுடைய 'ப்ராஸாதோத்தமத்திற்கு' நிறுவிய கருடத்வஜத்தைப் பேசுகிறது.

வேதபாஹ்யம் என்ற ஆக்ஷேபமும் கல்லின் விடையும்

பாஞ்சராத்ரம் வேதத்திற்குப் புறம்பானது, பாகவதர்கள் வைதிகர் அல்லர் என்ற ஆக்ஷேபம் பழமையானது. ஆளவந்தார் ஆகமப்ராமாண்யம் அருளிச்செய்தது இதனை நிராகரிக்கவே. பாகவதர்களின் கர்மானுஷ்டானம் வேதசாகைகளைப் பற்றியே நடப்பது என்பதை அவர் அதில் ஸ்தாபித்தார். ப்ரஹ்மஸூத்ரத்தில் உத்பத்த்யஸம்பவாதிகரணத்தைச் சங்கரர் பாகவத மதத்தின் ஓரம்சத்தை மறுப்பதாகக் கொண்டார். எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில், முன்னிரண்டு ஸூத்ரங்கள் பூர்வபக்ஷம், பின்னிரண்டும் ஸித்தாந்தம் என்று பிரித்து, ஸங்கர்ஷணாதிகளின் தோற்றம் ஜீவனின் உத்பத்தியன்று, பரமபுருஷன் இச்சையால் கொண்ட வடிவங்களே என்று நிர்வஹித்தார்.

இவ்விசாரம் சாஸ்த்ரத்தாலே முடிவதேயன்றிக் கல்வெட்டால் முடிவதன்று. ப்ரமாணம் வேதமும் அதற்கு அநுகூலமான ஆகமமும், செங்கல் ப்ரமாணமாகாது. ஆயினும் ஆக்ஷேபத்தில் ஒரு வரலாற்றுப் பகுதி உண்டு: பாகவதர்கள் வைதிக யாகங்களினின்று விலகி நின்ற தனிக்கூட்டத்தார் என்பது அது. அப்பகுதிக்கு வரலாற்றால் விடை கூறலாம். ராஜஸ்தானத்தில் சித்தூரை அடுத்த நகரியிலும் அருகிலுள்ள கோசுண்டியிலும் கிடைத்த கல்வெட்டுகள், காஜாயன குலத்தவனும் பராசரிபுத்திரனுமான ஸர்வதாதன் என்னும் அரசன், ஸர்வேச்வரர்களான ஸங்கர்ஷண வாசுதேவர்களுக்கு வழிபாட்டிடத்தைச் சூழக் கல்மதில் எடுத்ததைக் கூறுகின்றன. அவ்வரசனைப் பாகவதன் என்றும், அச்வமேதம் செய்தவன் என்றும் ஒரே வாக்கியத்தில் அவை அறிமுகப்படுத்துகின்றன. நானேகாட்டில் ஸாதவாஹன அரசி நாகநிகையின் கல்வெட்டும் அவ்வாறே ஸங்கர்ஷண வாசுதேவர்களை வணங்கித் தொடங்கி, அச்வமேதம் முதலான யாகங்களையும் அவற்றின் தக்ஷிணைகளையும் நிரலாகச் சொல்கிறது. பகவதாராதனமும் வைதிக யாகமும் ஒருவரிடத்திலேயே கூடி நின்ற காலம் அது. ஆளவந்தார் சாஸ்த்ரத்தால் சொன்னதற்கு, அவருக்கு ஆயிரம் ஆண்டு முற்பட்ட கல் முரண்படவில்லை.

நகரிக் கல்வெட்டில் அவ்விடத்திற்கு 'நாராயண வாடகம்' என்று பெயர். வாடகம் என்பது வேலியோ மதிலோ சூழ்ந்த இடம், தோட்டத்தையும் குறிக்கும். நம் நந்தவனங்களை நினைப்பிக்கும் பெயர். கோசுண்டிக் கல்லோ, பிற்காலத்தில் ஒரு படிக்கிணற்றில் வைத்துக் கட்டப்பட்டிருந்தது. கிணறு கட்டியவர்கள் அதை உடைத்திருந்தால் அச்சான்று அழிந்திருக்கும்.

மிகைபடக் கூறலாகாமை

இச்சான்றுகளைக் கொண்டு நம்மவர் சிலர், சதுர்வ்யூஹ உபாஸனம் முழுவதும் அன்றே பேஸ்நகரில் நடந்தது என்று எழுதிவிடுவதுண்டு. பேஸ்நகர்ப் பகுதியில் பனையோலைக் குருத்து வடிவத் தூண்தலையும், மகர வடிவத் தூண்தலையும் கிடைத்திருப்பது உண்மையே. பனை ஸங்கர்ஷணனுக்கும், மகரம் ப்ரத்யும்னனுக்கும் கொடி. ஆயினும் கல்வெட்டில் பெயர் பொறித்துப் போற்றப்படுவோர் அக்காலத்தில் வாசுதேவனும் ஸங்கர்ஷணனுமே. ஆப்கானிஸ்தானத்து ஆய் கானூமில் 1970இல் கிடைத்த யவன அரசன் அகதோக்ளிஸின் வெள்ளிக் காசுகளிலும் இவ்விருவர் வடிவமே உள்ளன. தூண்தலைகள் அனுமானத்திற்கு இடந்தருவன. எழுத்து நிச்சயம் தருவது. இரண்டையும் ஒன்றாக்கினால், உறுதியான சான்றும் ஐயத்துக்குரியதாகிவிடும்.

தமிழகத்து வழக்கை இதனோடு ஒப்பிடுவது பொருந்தும். புறநானூற்று 56ஆம் பாட்டில் நக்கீரர் நான்கு தெய்வங்களைக் கொடிகளால் வேறுபடுத்திக் கூறுகையில், பலதேவனுக்குப் பனைக்கொடியையும் திருமாலுக்குப் புட்கொடியையும் உரைக்கிறார். வேத்ரவதிக் கரையில் கல்லில் நின்ற அதே இரு கொடிகள் வைகைக் கரையில் சொல்லில் நிற்கின்றன. பரிபாடலும் சிலப்பதிகாரமும் இவ்விருவர் வழிபாட்டை அறிந்தவையே. கொடியின் மரபு வடக்கையும் தெற்கையும் ஒருங்கு தழுவியிருந்தது என்பது இதனால் போதரும்.

தேங்கின நீர்

பிள்ளைலோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் எம்பெருமானுடைய ஐந்து நிலைகளையும் ஐவகை நீருக்கு ஒப்பிடுகிறார். அந்தர்யாமித்வம் நிலத்தடி நீர். வேட்கையுற்றவன் தோண்டியே பெறவேண்டும். விபவம் பெருகியோடும் ஆறு, அக்காலத்தார்க்கே கிட்டும். அர்ச்சாவதாரம் அவ்வாற்றில் தேங்கிய மடு; எக்காலத்தார்க்கும் எட்டும். பேஸ்நகரில் ஆற்றுவெள்ளமே கோயிலை இருமுறை அழித்தது. இருமுறையும் அவ்விடத்தை விடாமல், மண்ணை உயர்த்தி அதன் மேலேயே எடுத்தார்கள். இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று அவர்கள் எண்ணவில்லை. அர்ச்சைக்கு இடமே உயிர் என்ற உணர்வு அந்தச் செங்கல் அடுக்குகளில் தெரிகிறது.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. இத்தூணைப் பாகவதன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒரு யவனன் நிறுவினான். அதைப் பிராமி படிக்க அறியாத மீனவர்கள் காத்தார்கள். ஏனைய தூண்கள் விழுந்து மறைந்த இடத்தில் இது ஒன்று நின்றமைக்கு அவர்கள் பூசிய செந்தூரமும் செய்த பூசையும் காரணம் அல்ல என்று யார் சொல்லவல்லார்? எழுத்தை மறைத்த செந்தூரமே வெயிலும் மழையும் எழுத்தைத் தேய்க்காமல் தடுத்தும் இருக்கலாம். பிறப்பைக் கொண்டு பாகவதர்களை அளப்பதைப் பேரபசாரமாகக் கருதும் நம் ஸம்ப்ரதாயத்தார்க்கு, இத்தூணின் முன்னும் பின்னும் நிற்பவர்கள் அந்நியர் அல்லர்.

ஆதலின், பழைய ஸந்நிதியைச் சூழ்ந்த ஊர்களில் வாழும் அடியார்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் கொல்லையில் மண்வெட்டி செங்கல்லிலோ கல்லிலோ பட்டால், அங்கேயே நிறுத்துங்கள். எவ்வளவு ஆழம், எத்திசை நோக்கிய வரிசை, கல்லின் அளவு யாது என்பனவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்திருப்பின் சுரண்டாதீர்கள், எண்ணெயோ சுண்ணாம்போ பூசாதீர்கள். மண்ணினுள் கிடைக்கும் விலையுள்ள பொருளை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்கவேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். தொல்லியல் துறையினர்க்கும் தெரிவிப்பது நலம். பெயர்த்தெடுத்த கல் என்ன சொல்லவந்தது என்பதை, அது கிடந்த இடத்தைக் கொண்டே அறியமுடியும். பேஸ்நகரில் பூசாரியின் வீட்டடிச் செங்கற்கள் கலைக்கப்படாமல் கிடந்தமையாலேயே, கொடித்தூணுக்குப் பின்னே கோயில் இருந்தது என்பதை இன்று நாம் கண்டு தொழமுடிகிறது.