கோட்டையும் நாய்க்குட்டியும்: "முன்பே இருந்த நோய்" என்ற வாதத்தின் கதை



சுமத்ராத் தீவில் இருந்த ஒரு கோட்டைக்கும், நொண்டி நடக்கும் ஒரு நாய்க்குட்டிக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. இரண்டுக்கும் இன்சூரன்ஸ் எடுத்தவர்களைப் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "இது உங்களுக்கு முன்பே தெரியும்தானே, ஏன் சொல்லவில்லை?"

முதலில் கோட்டை. சுமத்ராவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மார்ல்பரோ கோட்டைக்கு ஜார்ஜ் கார்ட்டர் கவர்னராக இருந்தார். எதிரி நாடு கோட்டையைப் பிடித்தால் நஷ்டஈடு கிடைக்க லண்டனில் காப்பீடு எடுத்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். காப்பீடு கொடுத்த சார்லஸ் போம் பணம் தர மறுத்தார். கோட்டை பலவீனமானது என்பதைக் கார்ட்டர் மறைத்துவிட்டார் என்பது அவர் வாதம்.

1766இல் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு கார்ட்டர் பக்கம் நின்றார். தனக்கு மட்டும் தெரிந்ததை மறைத்து எதிராளியை ஏமாற்றக்கூடாது. இந்த நேர்மை இரு தரப்புக்கும் பொது என்றார். கோட்டையின் நிலையைப் பற்றி எதுவும் கேட்காமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டவர், பிறகு அதையே சாக்காகச் சொல்ல முடியாது!

ஆனால் பிற்காலத்தில் சட்டம் கம்பெனிகள் பக்கம் சாய்ந்தது. பிரிட்டனின் 1906ஆம் ஆண்டு கடல் காப்பீட்டுச் சட்டப்படி, கேட்காவிட்டாலும் முக்கியமான விஷயம் எல்லாவற்றையும் காப்பீடு எடுப்பவரே சொல்லியாக வேண்டியிருந்தது. 1908இல் ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு ஓர் எல்லை போட்டது: தெரியாத ஒன்றை யாராலும் சொல்ல முடியாது.

இனி நாய்க்குட்டி. செல்லப்பிராணிக் காப்பீட்டின் தொடக்கமாக ஸ்வீடனில் 1924இல் ஒரு நாய்க்கு எழுதப்பட்ட பாலிசியைச் சொல்வார்கள். அமெரிக்காவில் 1982இல் தொலைக்காட்சிப் புகழ் லாஸி நாய்க்குப் பாலிசி எழுதப்பட்டது. அதோடு பழைய சண்டையும் புது வடிவத்தில் வந்தது. நாய்க்கு மூட்டில் அறுவை சிகிச்சை செய்து பில் அனுப்பினால், "முன்பே இருந்த நோய்" என்று மறுப்புக் கடிதம் வரும். ஆதாரம்? பாலிசிக்கு முன்னால் தடுப்பூசி போடப் போனபோது "லேசாக நொண்டுகிறது" என்று மருத்துவர் எழுதிவைத்த ஒரே வரி!

கம்பெனி பக்கமும் நியாயம் உண்டு. நோய் வந்தபின் எல்லோரும் பாலிசி எடுத்தால், ஒழுங்காகப் பணம் கட்டியவர்களுக்குத்தான் நஷ்டம். ஆனால் அன்றைய நொண்டலும் இன்றைய மூட்டு நோயும் ஒன்றுதான் என்று யார் நிரூபிப்பது? நாய் வந்து சாட்சி சொல்லாது.

இந்த இடத்தில்தான் வரலாறு மீண்டும் மான்ஸ்ஃபீல்டிடம் திரும்பியது. பிரிட்டனின் 2012ஆம் ஆண்டு நுகர்வோர் காப்பீட்டுச் சட்டப்படி, கேட்ட கேள்விகளுக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும். கேட்க வேண்டியது கம்பெனியின் வேலை. அமெரிக்க மாநிலங்களின் காப்பீட்டு ஆணையர்கள் சங்கம் 2022இல் ஒரு மாதிரிச் சட்டம் தந்தது. முன்பே இருந்த நோய் என்று மறுத்தால் அதை நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது என்கிறது அது.

அதனால் மறுப்புக் கடிதம் வந்தவர் உடனே தோற்றுவிடவில்லை. எந்த விதிப்படி, எந்தக் குறிப்பை வைத்து மறுத்தீர்கள் என்று எழுத்தில் கேட்கலாம். மருத்துவமனையிலிருந்து முழுக் கோப்பையும் வாங்கலாம். அந்த நொண்டலுக்கு வேறு காரணம் இருந்திருந்தால், அதை மருத்துவரிடம் கடிதமாகப் பெறலாம். அப்போதும் கம்பெனி இறங்கிவராவிட்டால், பிரிட்டனில் நிதித்துறைக் குறைதீர்ப்பாளரிடமும் அமெரிக்காவில் மாநிலக் காப்பீட்டுத் துறையிடமும் முறையிடலாம்.

கார்ட்டர் கோட்டையை இழந்தார், வழக்கில் ஜெயித்தார். கேட்காமல் பணம் வாங்கியவர் பிறகு குறை சொல்லக்கூடாது என்ற அந்தத் தீர்ப்பின் நியாயம், 250 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நாய்க்குட்டிக்கும் துணை நிற்கிறது.