கனவா? நனவா? கதவைத் திறக்க மறந்த பணிப்பெண்



புனிதர்கள் பேதுரு, பவுல் பெருவிழாவன்று முதல் வாசகமாகத் திருத்தூதர் பணிகள் 12ஆம் அதிகாரத்தைக் கேட்கிறோம். ஏரோது பேதுருவைச் சிறையில் அடைத்திருக்கிறான். இரண்டு சங்கிலிகள், இரு பக்கமும் படைவீரர்கள், வாயிலில் காவலர். நள்ளிரவில் வானதூதர் அவரை விலாவில் தட்டி எழுப்புகிறார். இடைக்கச்சையைக் கட்டு, மிதியடியைப் போடு, மேலுடையைப் போர்த்திக்கொள் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லி அழைத்துச் செல்கிறார். பேதுருவோ, தான் ஏதோ காட்சி காண்பதாகவே நினைத்துக்கொண்டு பின்னால் போகிறார். இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. ஒரு தெருவைக் கடந்ததும் தூதர் மறைந்துவிடுகிறார். அப்போதுதான் நடந்தது உண்மை என்று பேதுருவுக்குத் தெரிகிறது.

பெருவிழா வாசகம் இங்கே, 11ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. அடுத்து வரும் பகுதியைத் திருவிவிலியத்தை எடுத்து நீங்களே படித்தால்தான் உண்டு. பேதுரு நேராக மாற்கு எனப்பட்ட யோவானின் தாய் மரியாவின் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதி என்னும் பணிப்பெண் வருகிறாள். குரலை வைத்தே அவர்தான் என்று கண்டுகொண்டு, மகிழ்ச்சியில் கதவைத் திறக்கவும் மறந்து உள்ளே ஓடுகிறாள். வீட்டிலிருந்தவர்கள் "உனக்குப் பித்துப் பிடித்துவிட்டதா?" என்கிறார்கள். அவள் விடாமல் சொல்லவே, அது பேதுருவின் வானதூதராக இருக்கும் என்கிறார்கள். பேதுருவோ வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கிறார்.

ஒரே இரவில் இரண்டு தவறுகள். உண்மையைக் காட்சி என்று நினைத்தார் பேதுரு. உண்மையான ஆளைத் தூதர் என்று நினைத்தார்கள் வீட்டார். அவர்கள் கூடியிருந்ததோ மன்றாடுவதற்காக! பேதுருவுக்காகத் திருச்சபை உருக்கமாக மன்றாடியது என்று அதே அதிகாரம் சொல்கிறது.

நாம் காண்பது மெய்யா, மாயையா என்று எப்படி அறிவது? மெய்யியலார் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இது. கிரேக்க அறிஞர் பிளேட்டோ 'குடியரசு' நூலின் 7ஆம் பகுதியில் சொல்லும் குகைக் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். சிறுவயது முதல் கட்டப்பட்டு, சுவரில் விழும் நிழல்களை மட்டுமே பார்த்தவர்கள் நிழலையே பொருள் என்று எண்ணுகிறார்கள். அவர்களில் ஒருவன் வெளியே போய்க் கதிரவனைக் காண்கிறான். இந்தக் கதையில் என்னைத் தொடுவது அதன் பிற்பகுதிதான். அவன் திரும்பி வரும்போது இருட்டில் கண் தெரியாமல் தடுமாறுகிறான். உள்ளே இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். கட்டவிழ்க்க வந்தால் கொன்றே விடுவார்கள் என்கிறார் பிளேட்டோ. கி.மு. 399இல் நஞ்சு கொடுத்துக் கொல்லப்பட்ட தம் ஆசிரியர் சாக்ரட்டீசை நினைத்தே இதை எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

புனித அகுஸ்தினார் திருமுழுக்குப் பெறுவதற்கு முந்தைய ஆண்டு, 386இல், மிலான் அருகே நண்பர்களோடு தங்கியிருந்தபோது, எதையும் உறுதியாக அறிய முடியாது என்று வாதித்தவர்களுக்கு மறுப்பு எழுதினார். தண்ணீரில் பாதி மூழ்கிய துடுப்பு வளைந்து தெரிகிறதே, கண் பொய் சொல்கிறதல்லவா என்பது அவர்களின் கேள்வி. இல்லை என்கிறார் அகுஸ்தினார். தண்ணீரில் துடுப்பு அப்படித்தான் தெரிய வேண்டும். நேராகத் தெரிந்தால்தான் கண்ணைக் குறை சொல்ல வேண்டும். 'வளைந்து தெரிகிறது' என்பது வரை தவறே இல்லை. 'வளைந்தே இருக்கிறது' என்று அவசரப்பட்டு ஒப்புக்கொள்வதில்தான் தவறு நுழைகிறது.

இயேசு சபையினரின் கல்லூரியில் படித்த பிரெஞ்சு மெய்யியலார் ரெனே டெக்கார்ட், 1641இல் வெளியிட்ட நூலில் இதே கேள்வியை இன்னும் கூர்மையாக்கினார். அடுப்பருகே அங்கி அணிந்து அமர்ந்திருப்பதாக எத்தனையோ முறை கனவு கண்டிருக்கிறேன், இப்போது அமர்ந்திருப்பது மட்டும் கனவல்ல என்று எப்படித் தெரியும் என்று தொடங்குகிறார். நூலின் கடைசித் தியானத்தில்தான் பதில் வருகிறது. கனவில் காண்பவை வாழ்வின் மற்ற நிகழ்வுகளோடு நினைவினால் கோக்கப்படுவதில்லை. விழித்திருக்கும்போது ஒருவர் திடீரெனத் தோன்றி, எங்கிருந்து வந்தார், எங்கே போனார் என்று தெரியாமல் மறைந்தால் அதை மாயத்தோற்றம் எனலாம். முன்னும் பின்னும் தொடர்ச்சியோடு வருவதை உண்மை எனலாம். பேதுருவுக்கு நேர்ந்தது ஏறக்குறைய இதுதான். தூதர் மறைந்த பிறகும் தெரு மறையவில்லை, சங்கிலி திரும்ப வரவில்லை, தெரிந்த வீடு ஒன்றுக்குப் போகும் வழியும் அங்கே இருந்தது.

கனவு கண்டேன் சாமி, காட்சி கண்டேன் சாமி என்று வருகிறவர்களிடம் நானும் இதைத்தான் முதலில் கேட்பது வழக்கம்: மற்ற வாழ்க்கையோடு அது எப்படிச் சேர்கிறது? அதைச் சோதித்துப் பார்க்க உங்களுக்கு விருப்பமா? சோதிக்க விருப்பமில்லை என்றால் அது என்னவாகும் என்பதை ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாந்தெஸ் 1605இல் எழுதிக் காட்டினார். அவருடைய டான் குயிக்சாட், வீரனாகப் புறப்படுமுன் அட்டையால் தன் தலைக்கவசத்துக்கு முகமூடி செய்கிறார். வாளால் ஓங்கி வெட்டிப் பார்க்கிறார். ஒரு வார வேலை நொடியில் நொறுங்கிப்போகிறது. மறுபடி செய்து, உள்ளே இரும்புப் பட்டை வைக்கிறார். இரண்டாம் முறை வெட்டிப் பார்க்கவில்லை! உறுதியானது என்று தானே முடிவு செய்துகொள்கிறார். நான் சிரித்துக்கொண்டே படித்த இடம் அது. பிறகு, நானும் எத்தனை காரியங்களை இரண்டாம் முறை சோதிக்காமல் விட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

அதே ஸ்பெயினில் கால்டெரோன் எழுதிய 'வாழ்க்கை ஒரு கனவு' என்ற நாடகம் 1636இல் அச்சேறியது. பின்னாளில், 1651இல், அவர் குருவானார். போலந்து மன்னன் பசிலியோ சோதிடத்துக்கு அஞ்சி, பெற்ற மகன் செகிஸ்முந்தோவைப் பிறந்தது முதல் கோபுரத்தில் பூட்டி வைக்கிறான். ஒருநாள் மயக்க மருந்து கொடுத்து, அரண்மனையில் கண்விழிக்கச் செய்கிறான். மகன் ஆத்திரத்தில் ஒரு பணியாளனைத் தூக்கி வெளியே எறிந்து கொன்றுவிடுகிறான். மீண்டும் மயக்கி, கோபுரத்துக்குக் கொண்டுபோய், 'நீ கண்டது கனவு' என்று நம்பவைக்கிறார்கள். பிறகு படைவீரர்கள் வந்து விடுவிக்கும்போது, இதுவும் கனவோ என்று தயங்குகிறான். கனவானாலும் நனவானாலும் நன்மை செய்வதே சரி என்று முடிவெடுத்து, வென்ற பிறகு தந்தையை மன்னிக்கிறான். மறையுரைகளில் நாம் எடுத்துக்கொள்வது இந்த முடிவைத்தான். (தன்னை விடுவித்த வீரன் பரிசு கேட்டபோது அவனைக் கோபுரத்தில் அடைக்கிறான் என்பதை வசதியாக விட்டுவிடுகிறோம்.)

ஆனால் அரண்மனை கனவல்ல என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? ரொசாவுரா என்ற பெண் போர்க்களத்தில் அவனைச் சந்தித்து, உங்களை நான் பார்ப்பது இது மூன்றாம் முறை, ஒருமுறை அரண்மனையில் பார்த்தேன் என்கிறாள். நான் கண்டது கனவானால் இவளுக்கு அது எப்படித் தெரியும் என்று அவன் யோசிக்கிறான். தனியாக உட்கார்ந்து எவ்வளவு சிந்தித்தும் கிடைக்காத விடை, இன்னொருவர் சொன்ன சாட்சியால் கிடைத்துவிட்டது.

இதை வெறும் கதை என்று விடமுடியவில்லை. 'நீ கண்டது கனவு' என்று சொல்லும் அதிகாரம் எப்போதும் மன்னன் பசிலியோ போன்றவர்களிடம்தான் இருக்கிறது. இரவில் குடித்துவிட்டு அடித்தவன் காலையில், 'நான் எங்கே அடித்தேன், நீயாக எதையோ கற்பனை செய்கிறாய்' என்கிறான். பெரியவர் ஒருவர் செய்ததைக் குழந்தை வந்து சொன்னால், 'சும்மா உளறாதே' என்று வாயை அடைக்கிறோம். வீடுகளில் மட்டுமல்ல, நம் கோவில் வளாகங்களிலும் இது நடந்திருக்கிறது. ரோதி ஒரு பணிப்பெண். கல்லறையிலிருந்து ஓடிவந்து சொன்ன பெண்களின் பேச்சும் திருத்தூதர்களுக்குப் பிதற்றலாகவே பட்டது என்று லூக்கா எழுதுகிறார் (லூக் 24:11). யார் சொல்கிறார் என்று பார்த்து மெய்யையும் மாயையையும் முடிவு செய்யும் பழக்கம் நமக்கு இன்று வந்ததல்ல.

முன்பு நான் பணிபுரிந்த பங்கில் ஒரு வயதான அம்மா, விடியற்காலைத் திருப்பலிக்கு எல்லாருக்கும் முன்பாக வந்துவிடுவார். 'சாமி, பீடத்துக்குப் பின்னால தண்ணி ஓடுற சத்தம் கேக்குது' என்றார். போய்ப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. நான் போனது காலை 10 மணிக்கு, வெளியே பேருந்துச் சத்தம் இருக்கும் நேரம். 'வயசாயிடுச்சு பாட்டி, காதுல அப்படித்தான் கேக்கும்' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதன்பின் மூன்று நான்கு முறை சொன்னார். ஒருமுறைகூட நான் விடியற்காலையில் போய் அவர் அருகில் நின்று கேட்கவில்லை. சில மாதங்களில் பின்பக்க அறையின் தரை உள்வாங்கியது. தோண்டியபோது, அடியில் பழைய குழாய் ஒன்று வெடித்து மண்ணை அரித்திருந்தது.

வேலை முடிந்த மறுவாரம், 'இப்பவும் சத்தம் கேக்குதா பாட்டி?' என்று கேட்டேன். 'இல்ல சாமி, நின்னுடுச்சு' என்று சொல்லிவிட்டுச் செபமாலையைத் தொடர்ந்தார்.