படைத்துறையில் தன்பாலினக் குடும்பங்கள் (இந்தியா)

இந்தியப் படையினரின் தன்பாலின இணையருக்குக் குடும்பத்தார் என்ற ஏற்பு இல்லை. தாம்பரம் விமானப்படைத் தளமானாலும் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியானாலும் விதி ஒன்றே: குடும்பக் குடியிருப்பிலும் குடும்ப ஓய்வூதியத்திலும் துணைக்குரிய இடம் சட்டப்படி மணந்தவருக்கே. பணியில் உயிர்நீத்த வீரரின் இணையர் வெறுங்கையராக நிற்பது இதன் கொடிய விளைவு.

உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோரின் இசைவான தன்பாலின உறவு குற்றமன்று என்றது. ஆயினும் படையில் இதை அனுமதிக்க இயலாது எனத் தரைப்படைத் தளபதி பிபின் ராவத் 2019 ஜனவரியில் அறிவித்தார். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 45, 46ஆம் பிரிவுகள் இத்தகைய உறவுக்காக நடவடிக்கை எடுக்க இடந்தருகின்றன. உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் தன்பாலினத் திருமண ஏற்பும் கிட்டவில்லை. மாறாக, அமெரிக்கப் படையில் மணமான தன்பாலின இணையர் 2013 முதல் துணைக்குரிய பயன்களைப் பெறுகின்றனர். இந்தியாவிலோ, குடும்பம் அமையத் திருமணம் மட்டுமே வழியன்று எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது.