பத்து கிராம் பால்மாவு

வில்லிபுத்தூர்ப் பக்கம் பாலை வற்றவைப்பதென்றால் கடாய், அடுப்பு, ஓயாமல் துழாவும் கை. கொதித்துக் கொதித்துத்தான் பால்கோவா திரளும். சுந்தரபாண்டியத்து மருந்துக்கடையில் டப்பாவில் விற்கும் குழந்தைப் பால்மாவும் நீர் வற்றிய பால்தான். ஆனால் அது வந்த வழி வேறு. சூடான காற்றுக்குள் பாலைத் தூறலாகப் பீய்ச்சினால், நீர் பறந்து துகள் உதிரும். கிருமியைக் கொல்வது அதற்கு முன்பு, பாலைச் சூடாக்கும்போதே நடந்துவிடும். வினை பிறகுதான் வருகிறது. வைட்டமின் கலக்கையிலோ டப்பாவில் அடைக்கையிலோ உள்ளே புகும் ஒரு கிருமி, ஈரமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

அதன் பெயர் குரோனோபேக்டர். பெற்ற பிள்ளைகளை விழுங்கிய கிரேக்கக் கடவுள் குரோனோஸின் பெயர், வைத்தவர்களுக்கு நெஞ்சழுத்தம்தான். 1958-இல் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸில் இரண்டு பச்சிளங்குழந்தைகள் இதனால் இறந்தன. 2007-இல் சண்டிகர் மருத்துவர்கள் நம் நாட்டுக் குழந்தைகளிடமும் இதைக் கண்டு எழுதினார்கள்.

ஆய்வகத்துக்கு வரும் மாவில் பத்து கிராமை நிறுத்து, 90 மில்லி பெப்டோன் நீரில் கரைக்கிறார்கள். அது கிருமிக்குப் பத்தியக் கஞ்சி. காய்ந்து துவண்டு கிடப்பதை எடுத்த எடுப்பில் மருந்துக் கரைசலில் போட்டால் செத்துப்போகும். சோதனையும் 'இல்லை' என்று பொய் சொல்லும். எனவே ஏறக்குறைய உடற்சூட்டில் 18 மணி நேரம் ஊட்டித் தேற்றுகிறார்கள். பிடிக்க வேண்டிய திருடனுக்கு முதலில் விருந்து! அதன் பிறகுதான் வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கலந்த ஊட்டக் குழம்பு. 41.5 டிகிரிச் சூட்டில் வேறு பல கிருமிகள் ஒதுங்கிவிட, இது பெருகும். அதிலிருந்து தொட்டு அகார் தட்டில் கோடிழுத்து, மறுநாள் பார்த்தால் நீலப்பச்சைப் புள்ளிகள். தட்டில் கலந்திருக்கும் நிறப்பொருளைக் குரோனோபேக்டரின் நொதி உடைத்துக் காட்டும் சாயம் அது. அதையும் உடனே நம்பிவிடுவதில்லை. உறுதி செய்ய இன்னும் ஓரிரு நாள் ஆகும்.

சர்வதேச உணவு நெறிப்படி, ஒரு தொகுதியிலிருந்து இப்படி 30 மாதிரிகள். ஒன்றில்கூட இருக்கக் கூடாது. மொத்தம் 300 கிராம். டன் கணக்கான மிச்ச மாவு, தட்டைப் பார்க்காமலேதான் வீடுகளுக்குப் போகிறது.

அதனால்தான் கலக்கும் நீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஃபிளாஸ்கில் வெதுவெதுப்பாகக் கிடக்கும் நீர் உதவாது. கொதித்து இறக்கிய அரை மணிக்குள் கலக்கி, புட்டியைக் குழாய்நீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, உடனே புகட்ட வேண்டும்.