பெரியம்மாவின் 3 ஏக்கர்

பரீட்சை முடிந்துவிட்டதால் மறுபடியும் எழுத உட்கார்ந்துவிட்டேன். இந்த முறை சொத்துரிமையின் வரலாறு. கொட்டாவி விடாதீர்கள், எங்கள் வீட்டுக் கதையும் இதில் இருக்கிறது!

பெரியம்மாவுக்குக் கல்யாணம் 1989 தை மாதம். அம்மாவுக்கு 1995-ல். பாட்டி முன்பே தவறிவிட, தாத்தா 2001-ல் உயில் எழுதாமலே இறந்தார். பூர்வீக நிலம் 9 ஏக்கர். பெரியம்மா, அம்மா, மாமா என்று மூன்று பிள்ளைகள். ஆளுக்கு 3 என்றுதானே நினைப்பீர்கள்? அன்றைய சட்டப்படி மாமாவுக்கு 4, அம்மாவுக்கு 4, பெரியம்மாவுக்கு 1.

பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். 1937-ல் வந்த சட்டம் விதவைக்குக் கணவன் சொத்தை ஆயுள்வரை அனுபவிக்க மட்டும் விட்டது, விற்க முடியாது. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளையும் வாரிசாக்கியது. ஆனால் பூர்வீகச் சொத்தில் பிறந்தவுடனே வரும் பங்கு ஆண்பிள்ளைக்குத்தான். மகளுக்கு அப்பாவின் பங்கிலிருந்து ஒரு துண்டு, அவ்வளவுதான்.

இதை ஆந்திரா 1986-ல் திருத்தியது. அடுத்து கலைஞர் ஆட்சியில் நம் தமிழ்நாடு. 25.3.1989 முதல் மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்றார்கள். பெரிய விஷயம்தான். கூடவே ஒரு நிபந்தனை: அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான மகளுக்குக் கிடையாது. பெரியம்மா இரண்டு மாதத்தில் தவறவிட்டார். (முகூர்த்தம் பார்த்த ஜோசியருக்கு இது தெரியவில்லை பாருங்கள்!)

கணக்கு இதுதான். தாத்தா, மாமா, அம்மா மூவருக்கும் பிறப்பால் தலா 3 ஏக்கர். தாத்தா இறந்ததும் அவருடைய 3 ஏக்கர், மூன்று பிள்ளைகளுக்கும் தலா 1.

என்னை உறுத்துவது ஒன்று உண்டு. தன் பங்கை உயில் எழுத 1956 சட்டமே அனுமதி தந்திருந்தது. தன் 3 ஏக்கரும் மூத்த மகளுக்கு என்று தாத்தா ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, அவர்களிடமும் கையெழுத்து வாங்கியிருந்தால் மூவருக்கும் சரியாக 3 வந்திருக்கும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவுகூடக் கட்டாயமில்லை. உயில் என்றாலே சாவுப் பேச்சு என்று நம் வீடுகளில் வாயை மூடிவிடுகிறார்கள். ஆனால் அதே தாளில் எல்லாம் மாமாவுக்கே என்று எழுதியிருந்தால் பெரியம்மாவுக்கு அந்த 1 ஏக்கரும் போயிருக்கும். உயில் எழுதுகிறவர் கையில்தான் எல்லாம்.

9.9.2005 முதல் நாடு முழுக்க மகளுக்குச் சம பங்கு வந்தது. கல்யாண நிபந்தனையும் ஒழிந்தது. அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரியம்மாவுக்கு மறுபடியும் கதவு சாத்தியாயிற்று. 11.8.2020 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்றது. 20.12.2004-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்திருந்தால் மட்டும் அதைத் தொட முடியாது.

எங்கள் வீட்டில் பிரிக்கவில்லை. ஆகவே இன்று ஆளுக்கு 3. அம்மாவுக்கும் மாமாவுக்கும் ஒவ்வொரு ஏக்கர் குறைகிறது. அம்மாவிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். "அக்காவுடையது அக்காவுக்கு" என்றார். மாமாவிடம் இன்னும் யாரும் பேசவில்லை. பட்டா தாத்தா பெயரில்தான் இருக்கிறது.