ஏரியிலிருந்து எடுத்த பந்தயக் கார்



பழைய பொருளைப் புதுப்பிப்பதா, இருந்தபடியே வைப்பதா என்னும் கேள்வி நம் வீடுகளிலும் எழுவதுண்டு. பாட்டி விட்டுச் சென்ற பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கி, ஒடுக்கெடுத்து, புதிது போல் ஆக்கலாம் என்பாள் தங்கை. பாட்டியின் இடுப்பில் இருந்து தேய்ந்த தேய்வோடு அப்படியே இருக்கட்டும் என்பாள் அக்காள். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கும். அதே கேள்வியை இன்று ஒரு மோட்டார் காரை வைத்து ஆராய்வோம்.

2010-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பழங்கார்களின் ஏலம் ஒன்று நடந்தது. கண்ணைப் பறிக்கும் கார்களுக்கிடையே துருவேறிய இரும்புக் கூடு ஒன்றும் வைக்கப்பட்டிருந்தது. உடல் தகடு பல இடங்களில் அரித்து ஓட்டையாகியிருந்தது. இஞ்சின் மேல் ஏரிச்சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. நம் தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் கிடந்தால் பழைய இரும்புக்காரர்கூட விலை பேசியே எடுத்துப் போவார். ஏலக்காரர்கள் அதற்கு 70,000 முதல் 90,000 யூரோ வரை கிடைக்கலாம் என்று கணக்கிட்டிருந்தார்கள். விலை ஏறி ஏறி, கட்டணங்கள் உட்பட 2,60,500 யூரோவில் வந்து நின்றது. வாங்கியவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த பீட்டர் மல்லின் என்னும் செல்வர். அந்தக் கூட்டை அவர் என்ன செய்யப் போகிறார் என்பதே அப்போது பலரும் கேட்ட கேள்வி.

அது 1925-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட புகாட்டி கார். இத்தாலியில் பிறந்த எட்டோரே புகாட்டி, 1909-இல் அல்சாஸ் நாட்டின் மோல்சைம் என்ற சிற்றூரில் தம் தொழிற்சாலையைத் தொடங்கினார். அல்சாஸ் அப்போது ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சுக்கு வந்தது. 1921-இல் இத்தாலியின் பிரேஷியா நகரில் நடந்த சிறு கார்களின் பந்தயத்தில் முதல் நான்கு இடங்களையும் புகாட்டி கார்களே பிடித்தன. அதிலிருந்து அந்த இனத்துக்குப் பிரேஷியா என்றே பெயர் நின்றுவிட்டது. ஒன்றரை லிட்டர் அளவுள்ள சிறிய இஞ்சின்தான். ஆனால் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 16 வால்வுகள். அந்த நாளில் அது பெரிய புதுமை.

பாரிசில் ஓடிய அந்தக் கார் சுவிட்சர்லாந்தின் ஏரிக்கடியில் போய்க் கிடந்தது எப்படி? இரண்டு கதைகள் வழங்குகின்றன. 1930-இல் மொனாக்கோ பந்தயத்தை வென்ற ரெனே டிரைபஸ் என்ற ஓட்டுநர் இதைச் சீட்டாட்டத்தில் இழந்தார் என்றும், வென்றவர் ஊர் திரும்பும்போது எல்லையில் சுங்கவரி கட்ட வழியில்லாமல் விட்டுப் போனார் என்றும் ஒரு கதை. மாஜியோரே ஏரிக்கரையில் உள்ள அஸ்கோனா என்னும் ஊரில் குடியிருந்த கட்டடக் கலைஞர் ஒருவர், வரி கட்டாத இந்தக் காரை 1936 வாக்கில் விட்டுவிட்டு ஊரைவிட்டே போனார் என்பது மற்றது. சீட்டாட்டக் கதை கேட்கச் சுவையாக இருக்கிறது. அதனாலேயே நமக்கு அதன்மேல் சற்று ஐயம். எப்படியாயினும் சுங்கவரி கட்டப்படவில்லை என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. வரி பாக்கியான பொருளை அழிக்க வேண்டியது அதிகாரியின் கடமை. அவர்கள் காரைச் சங்கிலியில் பிணைத்து ஏரிக்குள் இறக்கினார்கள். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் யாருக்கோ இருந்திருக்கும் போலும். சங்கிலி துருப்பிடித்து அறுந்தது. கார் ஐம்பது மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போய்விட்டது.

1967-இல் முக்குளிப்பவர் ஒருவர் அதைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் அவ்வூர் முக்குளிப்புச் சங்கத்தார் கீழே போய்ப் பார்ப்பதும் வருவதுமாக இருந்தார்கள். எடுக்க வேண்டும் என்ற முடிவு வந்தது ஒரு துக்கத்தினால். 2008-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பக்கத்து ஊரான லொக்கார்னோவில் திருவிழா இரவன்று 22 வயது இளைஞர் ஒருவர் மற்ற இளைஞர்களால் அடித்துக் கொல்லப்பட்டார். இளைஞரிடையே வன்முறையைத் தடுக்க அவர் பெயரில் அறநிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அதற்குப் பணம் சேர்க்கவே, சங்கத்தார் 2009 ஜூலை 12-ஆம் நாள் காரை மேலே கொண்டுவந்தார்கள்.

சேற்றில் புதைந்திருந்த பக்கம் ஓரளவு தப்பியிருந்தது. நீர் பட்ட பக்கத்தில் இரும்பு கரைந்துபோயிருந்தது. ஆனால் சக்கரங்களைச் சுற்றி டயர்கள் இருந்தன! இதைச் சொல்லும்போது நமக்குச் சற்றுப் பெருமை வருவது இயல்பு. 1920-களில் உலகத்துக்கு மிகுதியாக ரப்பர் தந்த நாடு மலாயா. அதில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்த இடம் டயர்த் தொழிற்சாலை. நம் தாத்தா பாட்டிமார் விடியுமுன் எழுந்து வெட்டிய பால் அந்தக் காலத்துக் கார்களின் காலடியில்தான் ஓடியது. காரில் ஒரு பித்தளைத் தகடும் இருந்தது. அதில் பாரிசைச் சேர்ந்த பழைய உடைமையாளர் ஒருவரின் பெயர் படிக்கும்படி இருந்தது. அத்தகைய தடயங்களைக் கொண்டுதான் காரின் வரலாற்றைத் தேடிப் பிடித்தார்கள்.

இனி நம் கேள்விக்கு வருவோம். புதுப்பிக்க வேண்டும் என்பவர்கள் சொல்வதை முதலில் கேட்போம். கார் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. அதன் ஓசையையும் வேகத்தையும் இழந்த கார், நரம்பறுந்த வீணை. புதுப்பிக்கும் வேலையினால்தான் பழைய கைத்தொழில்கள் உயிரோடு இருக்கின்றன. தகட்டைச் சுத்தியால் வளைப்பவர், மரச்சட்டம் இழைப்பவர், தோல் தைப்பவர் ஆகியோருக்கு இன்று வேறு எங்கே வேலை? இவை வெறும் வாதங்கள் அல்ல. நாமும் இவற்றுக்குத் தலையாட்டுகிறோம்.

ஆனால் ஏரிக்காரில் மீண்டும் பயன்படக் கூடியது நூற்றுக்கு இருபது பங்கே என்று மதிப்பிட்டார்கள். மீதி எண்பது பங்கைப் புதிதாகச் செய்து பூட்டினால், ஓடப் போவது எந்தக் கார்?

இதே போன்ற வழக்கு ஒன்று 1990-இல் இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு வந்தது. ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பெயர் பெற்ற பென்ட்லி பந்தயக் கார், 1929-லும் 1930-லும் பிரான்சின் லெ மான் நகரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. பிறகு அதன் இஞ்சினை மாற்றினார்கள், அடிச்சட்டத்தை மாற்றினார்கள். 1932-இல் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் அது விபத்துக்குள்ளாகி ஓட்டியவர் இறந்தார். அதன்மேல் வேறு உடல் கட்டினார்கள். பல்லாண்டு கழித்து அதை ஒரு கோடிப் பவுனுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், லெ மானில் வென்ற காரின் பாகங்கள் இதில் ஏறக்குறைய எதுவுமே இல்லை என்று சொல்லிப் பணம் தர மறுத்துவிட்டார்கள். நீதிபதி ஆட்டன் பாகங்களை எண்ணிப் பார்த்ததோடு நிற்கவில்லை. மாற்றங்கள் ஒவ்வொன்றும் அந்தக் காரின் பந்தய வாழ்க்கையிலேயே, ஒன்றன்பின் ஒன்றாக, தொடர்பு அறாமல் நடந்தவை. எங்கும் அதன் வரலாறு முறிந்துபோகவில்லை. ஆகவே அந்தப் பெயருக்கு உரியது அதுவே என்று தீர்ப்பளித்தார்.

இது நமக்குப் புரியாத நியாயமன்று. அப்பா பயன்படுத்திய மண்வெட்டிக்கு இரண்டு தடவை பிடி மாற்றியிருப்போம், ஒரு தடவை தகட்டையே மாற்றியிருப்போம். அது இன்னும் அப்பாவின் மண்வெட்டிதான்; ஏனென்றால் வேலை ஒரு நாளும் நிற்கவில்லை. ஏரிக்காரின் கதை வேறு. அதன் வேலை 1936 வாக்கில் நின்றது. அதன் பிறகு அதற்கு நேர்ந்ததெல்லாம் தண்ணீரும் சேறும். அந்த எழுபத்து மூன்று ஆண்டுகளைச் சுரண்டி எறிந்துவிட்டு எண்பது பங்கு புது இரும்பைப் பூட்டினால், புகாட்டி மாதிரியில் புதுக்கார் ஒன்று கிடைக்கும். அந்த இனத்தில் மொத்தம் ஏறக்குறைய 2,000 கார்கள் செய்யப்பட்டன. அவற்றுள் நல்ல நிலையில் ஓடுபவை இன்றும் இருக்கின்றன. ஓசை கேட்க விரும்புவோர் அவற்றிடம் போகலாம். ஏரியில் கிடந்தது இது ஒன்றுதான்.

புதுப்பித்தலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதை அறிய, மோல்சைம் இருக்கும் அதே அல்சாஸ் நாட்டின் முலூஸ் நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே ஹான்ஸ், பிரிட்ஸ் ஷ்லும்ப் என்ற சுவிஸ் சகோதரர்கள் கம்பளி நூற்பாலைகளை நடத்தி வந்தார்கள். தம்பி பிரிட்சுக்குப் புகாட்டி கார்கள்மேல் தீராத மோகம். 1964-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒருவரிடமிருந்து மட்டும் 30 புகாட்டிகளை மொத்தமாக வாங்கி வந்தார். முலூசில் இருந்த ஒரு பழைய ஆலைக்குள் கார்கள் நிரம்பின. கம்மியர், தச்சர், தோல் தைப்பவர் என்று தேர்ந்த கைவினைஞர்கள் பூட்டிய கதவுக்குள் அவற்றைப் புதுப்பித்தார்கள். வெளியே பேசக்கூடாது என்பது கட்டளை. பாரிசின் பாலமொன்றில் உள்ள விளக்குக் கம்பங்களைப் போலவே நூற்றுக்கணக்கில் செய்து உள்ளே நட்டார்கள்.

1976-இல் ஆலைகள் நொடித்தன. தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். முதலாளிகள் எல்லை தாண்டி பாசல் நகருக்குப் போய்விட்டார்கள். 1977 மார்ச் 7-ஆம் நாள் தொழிலாளர்கள் அந்தக் கட்டடத்தின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள். நானூறுக்கும் மேற்பட்ட கார்கள்! அவற்றுள் நூற்றுக்கு மேல் புகாட்டிகள். வரிசை வரிசையாய் வண்ணம் மின்ன நின்றன. கூலிக்கு நூல் நூற்றவர்கள் தங்கள் உழைப்பின் பயன் எங்கே போயிற்று என்பதை அன்றுதான் கண்ணால் கண்டார்கள். அந்த இடத்துக்கு ‘உழைப்பாளர் ஆலை’ என்று பெயரிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் அதைத் தம் வசத்தில் வைத்திருந்து, பொதுமக்களை உள்ளே விட்டுக் காட்டினார்கள். கோபத்தில் புதுப்பிக்காத சிறிய ஆஸ்டின் ஒன்றைக் கொளுத்தியதும் உண்டு. ஆயினும் மற்றக் கார்களைக் காத்தார்கள். 1978-இல் அரசாங்கம் அத்தொகுதியை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 1982-இல் அது தேசிய அரும்பொருளகமாகத் திறக்கப்பட்டது. இல்லாவிட்டால் கார்கள் ஏலத்தில் உலகெங்கும் சிதறியிருக்கும்.

அந்தக் கார்களின் மினுக்கத்தைப் பார்த்து மட்டும் ஒருவர் மயங்கினால், நூல் நூற்றவர்களின் கதை அவர் கண்ணுக்குத் தெரியாது. புதுச்சாயம் பழைய சாயத்தை மட்டுமா மறைக்கிறது என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

சகோதரர்களின் கார்களில் இன்னொரு பகுதி மால்மெர்ஸ்பாக் என்ற ஊரில் கிடந்தது. தங்கள் முறை வரும் என்று காத்துக் கிடந்த 62 வண்டிகள் அவை. ஆலை நொடித்ததும் வேலை நின்றது. யாரும் அவற்றைத் தொடவில்லை. நீண்ட வழக்குக்குப் பின் அவை பிரிட்சின் மனைவி கைக்கு வந்தன; 2008-இல் விற்கப்பட்டன. வாங்கியவர்களுள் ஒருவர், ஏரிக்காரை வாங்கிய அதே பீட்டர் மல்லின்.

மல்லின் பணமில்லாமல் தயங்கியவர் அல்லர். அவரிடம் கண்ணாடி போல் மெருகேற்றிய கார்கள் பல இருந்தன. உடல் கட்டப்படாமல் வெறும் அடிச்சட்டமாகவே நின்றுவிட்ட 1939-ஆம் ஆண்டுப் புகாட்டி ஒன்றுக்கு அவர் புதிதாக உடல் செய்வித்தார். ஆனால் அதைச் சட்டத்தின்மேல் பூட்டவில்லை. மேலே தொங்கவிட்டுக் காட்சிக்கு வைத்தார். பழையது எது, நாம் செய்தது எது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? எல்லாவற்றையும் துருவோடு வைக்கவும் இல்லை, எல்லாவற்றுக்கும் சாயம் பூசவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக யோசித்தார். இதுவே சரியான முறை என்பது நம் கருத்து. ஓடிக்கொண்டே வந்த கார் ஓடட்டும். அதற்குப் புது டயரும் புது வயரும் போடுவதில் குற்றமில்லை. அசல் சாயம் அரைகுறையாக இருந்தாலும் சுரண்டுமுன் நூறு தடவை யோசிக்க வேண்டும். சுரண்டிய பின் அதைத் திரும்பப் பூச யாராலும் முடியாது. பின்னாளில் வேறொரு காரைப் புதுப்பிப்பவர் தகடு எந்தக் கனம், சாயம் எத்தனை பூச்சு என்று அறிய வேண்டுமானால், கை படாத கார் ஒன்றிடம்தான் வந்து நிற்க வேண்டும்.

ஏரிக்காரை விற்றவர்களும் அதை மினுக்கி விற்க முயலவில்லை. துருவும் சேறுமாக ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். கிடைத்த பணம், மகனை இழந்த பெற்றோர் முன்னின்று நடத்திய அறநிலையத்துக்குப் போயிற்று.

2010-இல் கலிபோர்னியாவின் ஆக்ஸ்நார்ட் நகரில் மல்லின் தம் அரும்பொருளகத்தைத் திறந்தார். ஏரியிலிருந்து வந்த கார் அங்கே தனியாக வைக்கப்பட்டது. மால்மெர்ஸ்பாக்கிலிருந்து வந்த கார்களும் தூசியும் கிழிசலுமாய் அதே கூரையின் கீழ் நின்றன. 2023 செப்டம்பரில் மல்லின் மறைந்தார். 2024 பிப்ரவரியில் அரும்பொருளகம் மூடப்பட்டது. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் ஏரிக்காரின்மேல் ஒரு கைச் சாயம்கூட ஏறவில்லை.